போரிவலிக் காட்டில் ஒரு ஞாயிறு

பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் முடங்கிக் கிடக்கும் மும்பை வாழ்க்கையில், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பது எந்தத் தகப்பனுக்கும் பெரிய பிரச்னை. சினிமாவுக்குப் போனால் பர்ஸ் காலி. கடற்கரைக்குப் போனால் கூட்டம். போரிவலி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே கால் மணி நேர நடையில் ஒரு பெருங்காடு இருக்கிறது. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "அங்கே சிறுத்தை இருக்கிறதாமே!" என்கிறார்கள்.

இருப்பது உண்மைதான். ஆனால் சிறுத்தைக்குப் பயந்து காட்டையே ஒதுக்க வேண்டியதில்லை. அதன் குணத்தைத் தெரிந்து கொண்டால் போதும்.

கருமலைப் பாதை

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது இதன் பெயர். பழைய ஆட்கள் போரிவலி நேஷனல் பார்க் என்பார்கள். பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். சயான், மாதுங்காவிலிருந்து வருகிறவர்கள் தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறினால் போரிவலி வந்து சேரலாம்.

வாசலில் டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே போனால், தார் ரோடு சுமார் 6 கிலோமீட்டர் சென்று கன்னேரிக் குகைகளில் முடிகிறது. கிருஷ்ணகிரி என்ற பெயரே கன்னேரி என்று மருவியது. கருமலை என்று பொருள். கரும்பாறையைக் குடைந்த 100-க்கும் மேற்பட்ட குகைகள் இங்கே உள்ளன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் தொடங்கிய வேலை. குகைகளை ஒட்டிப் பாறையில் வெட்டிய தொட்டிகளைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத் தண்ணீரைக் கோடைக்குச் சேர்த்து வைத்த கெட்டிக்காரத்தனம் அது!

வழியெல்லாம் தேக்கு, கடம்பு, இலவு, மூங்கில். காலையில் சத்தமில்லாமல் நடப்பவர்கள் கண்ணில் புள்ளிமான் படும். மரங்கொத்தியின் தட்டல் காதில் விழும். ஷிலோண்டா போன்ற ஒற்றையடிப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி பெற்று, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும்.

மலைச்சரிவில் புதராக வளரும் கார்வி, நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை. 2016-லும் 2024-லும் இங்கே ஊதா நிறத்தில் பூத்தது. இதன் தண்டுகளை நிறுத்தி, மண்ணும் சாணமும் பூசி, ஆதிவாசிகள் வீட்டுச் சுவர் எழுப்புவார்கள்.

குழாயில் வரும் காடு

காட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் விஹார், துளசி ஏரிகளை நினைக்க வேண்டும். 1860-லும் 1879-லும் கட்டி முடிக்கப்பட்ட இவை இன்றும் நகருக்குக் குடிநீர் தருகின்றன. தாராவியை ஒட்டிச் சாக்கடையாக ஓடும் மீட்டி நதியும் விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில்தான் பிறக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கரைகள் நெருக்கப்பட்டுக் குப்பை அடைத்த அந்த நதி ஊருக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சிறுத்தையை அழைப்பது யார்?

2015-இல் தானியங்கிக் காமிராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது இங்கே 35 சிறுத்தைகள் தெரிந்தன. 2018-இல் 47. இத்தனை இருந்தும் மனிதரைத் தாக்குவது அபூர்வம். சிறுத்தை மனிதனைத் தேடி வருவதில்லை. குப்பை சேரும் இடத்தில் தெருநாய்கள் சேரும்; நாய்களைத் தேடிச் சிறுத்தை வரும். ஆக, அதை அழைப்பது நாம் கொட்டும் எச்சில் இலைதான்.

2004-இல் தாக்குதல்கள் பெருகிப் பலர் உயிரிழந்தார்கள். வெளியிடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட மிருகம் தடுமாறும். ஓரிடத்தில் ஒன்றைப் பிடித்து அகற்றினாலும், காலியான அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். எனவே கூண்டு வைப்பது மட்டும் பரிகாரம் அல்ல.

காட்டோரக் குடிசைகளில் வாழ்வோர் இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே வெளியே அனுப்பக் கூடாது. திறந்தவெளியில் குந்தியிருக்கும் ஆள் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறு விலங்காகத் தெரியக்கூடும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு கட்டாயம் வேண்டும். கையில் டார்ச்சோடு, நாலு பேராகப் பேசிக் கொண்டே போவது நல்லது.

பகலில் ரோட்டோடு நடந்து திரும்புகிறவர்களுக்குப் பயம் வேண்டாம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை; ஞாயிறு திறந்திருக்கும். புளிச்சோறு கட்டிக் கொண்டு போகிறவர்கள், சாப்பிட்ட பின் இலையையும் காகிதத்தையும் அதே பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வந்துவிட வேண்டும். குரங்குக்கு ஒரு பிடிச் சோறுகூட வைக்க வேண்டாம். காட்டுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் அதுதான்.