சீன வாட்போர்ப் படங்களின் அழகும் கருத்தும்

சினிமாவிற் காணும் சண்டை சிறுவர்க்குரிய வேடிக்கையே; அதன்கண் ஆராய்தற்குரிய பொருள் யாதுளது என்பார் நம் மாணவருள்ளும் பலர். யாமும் ஒருகால் அக்கருத்தினராகவே இருந்தேம். கிங் ஹூ என்னும் சீன இயக்குநர் ஆக்கிய ‘எ டச் ஆஃப் ஜென்’ என்னும் படத்தைக் கண்ட பின்னரே அக்கருத்து நெகிழ்ந்தது.

இத்தகைய படங்களைச் சீனர் ‘வூஷியா’ என்பர். ‘வூ’ என்பது போர்த்திறம். ‘ஷியா’ என்பது நலிந்தோர்பொருட்டு வாளெடுக்கும் அறவீரரைக் குறிக்கும். ஆகவே பெயரிலேயே கைத்திறனும் அறமும் பிணைந்து கிடக்கின்றன. இரண்டனுள் பின்னது குறையின் எஞ்சுவது வெறும் அடிதடியே.

1932-ல் பீகிங் நகரிற் பிறந்த கிங் ஹூ இப்படத்தைத் தைவானில் எடுத்தார். 1975-ல் இது கான் திரைப்பட விழாவிற் கலைநுட்பப் பரிசு பெற்றது. கதை, பூ சொங்லிங் என்பாரின் பழங்கதையொன்றைத் தழுவியது. காலம் மிங் பேரரசர் காலம். அரண்மனை அண்ணகனொருவனின் கொடுமையால் தந்தையை இழந்த யாங் என்னும் நங்கை பாழ்ங்கோட்டையொன்றில் ஒளிந்து வாழ்கின்றாள். அருகே கூ என்னும் ஏழைப் புலவன் ஓவியந் தீட்டிப் பிழைக்கின்றான். படமோ மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்டது. முதற்போர் நெடுநேரங் கழித்தே நிகழும். அதுகாறும் சிலந்தி வலையும் நாணலும் மூடுபனியுமே மிகுதியாகக் காண்கின்றோம். பொறுமையில்லார்க்கு இது பெருந்துன்பமே.

கிங் ஹூ தமக்குப் போர்க்கலை தெரியாதென்றும், தம் படத்துச் சண்டை பீகிங் இசைநாடகத்தின் வழிவந்த ஆட்டமென்றும் வெளிப்படையாகவே கூறியவர். அவர்க்குச் சண்டை அமைத்துக்கொடுத்த ஹான் யிங்ஜீ அந்நாடகத்திற் பயின்றவரே. மூங்கிற்காட்டுப் போரைக் காண்க. யாங் நெடுமூங்கில்களின் உச்சிவரை எழுந்து, வாளேந்தியவாறே தலைகீழாகப் பாய்கின்றாள். எழுங்கால், இலையிடை ஒளி, பகைவன் முகம், இறங்கும் வாள் என ஒவ்வொன்றும் இமைப்பொழுதே தோன்றி மறையும். துள்ளுமேடையினின்று குதிக்கும் மானிடவுடல் பறத்தல் எங்ஙனம்? முழுவதுங் காட்டியிருப்பின் அவ்வுடலின் பாரத்தையே கண்டிருப்போம். வெட்டி நீக்கியதனை நம் மனமே நிரப்பிக்கொள்ளுதலின் பறத்தல் மெய்யாகின்றது. நன்னூலார் கூறும் சுருங்கச் சொல்லல் என்னும் அழகு திரைக்கும் உரியது போலும்!

ஆயினும் இவ்வழகு கொலையின் அழகன்றோ? கொலையை விலக்குங் கட்டளையைக் கேட்டு வளர்ந்த எம்மை இவ்வினா வருத்தியது. விடை படத்தினுள்ளேயே உளது. போர்நூல் கற்ற கூ, கோட்டையிற் பேய் உலவுவதாக வதந்தி பரப்பி, பொய்யுருவங்களும் பொறிகளும் அமைத்து, ஓரிரவிற் பகைவர் பலரை மடிவிக்கின்றான். விடியலில் தன் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாக நோக்கி உரக்க நகைக்கின்றான். பின்னர் வெளியே வருகின்றான், எங்கும் பிணங்கள். துறவிகள் அவற்றை அடக்கஞ் செய்ய வந்துள்ளனர். அவன் நகை அடங்குகின்றது. முன்னிரவில் அவனோடு மகிழ்ந்த நாமும் அப்பிணங்களிடையேதான் நிற்கின்றோம். எம் கருத்தில் படத்தின் உயிர்நிலை மூங்கிற்காடன்று, இவ்விடமே.

இறுதியில் ஹுய்யுவான் என்னும் மூத்த துறவியைப் பகைத்தலைவன் மனந்திரும்பினான்போல் நடித்து வஞ்சகமாகக் குத்துகின்றான். அக்காயத்தினின்று பொன் வழிகின்றது. கதிரவன் தலைக்குப் பின் ஒளிர, அவர் நிழலுருவாய் அமர்ந்திருக்கின்றார். இது பௌத்தர் காட்சி, எம் சமயத்ததன்று. எனினும் குத்துண்ட வேறொரு விலாவை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. இம்முடிவு கதையோடு ஒட்டவில்லையென்பாரும் உளராகலாம். அவ்விடியற்காலத்துப் பிணங்களைக் கண்டபின் வாள்வெற்றியொன்று எங்ஙனம் முடிவாதல் கூடுமென்பது எமக்கு விளங்கவில்லை.