தொட்டியை நம்பித் தொங்கியவர்!

ஒட்டன்சத்திரம் என்றதும் எல்லோருக்கும் காய்கறி மார்க்கெட் ஞாபகம் வரும். தக்காளியும் முருங்கையும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற ஊர். எனக்கு மட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வருகிறது!

மாமாவுக்கு அங்கே கமிஷன் மண்டி. கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடு. மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்து, மேற்பார்வைக்கு என்னை உட்கார வைத்தார். (பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை என்ற நல்லெண்ணம்தான்!)

பெயிண்டர் அண்ணன் தோள், தொடையெல்லாம் சுற்றி வரும் சிவப்பு பெல்ட்டில் கம்பீரமாக வந்தார். பெல்ட் கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டினார் தெரியுமோ? மொட்டைமாடி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில்!

"என்னண்ணே இது?"

"தொட்டி ரொம்பியிருக்கு தம்பி. ஐந்நூறு லிட்டர், ஐந்நூறு கிலோ. யானை இழுத்தாலும் நகராது!"

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கழித்தலை நான் யோசிக்கவில்லை. கீழே அத்தை வீட்டிலிருந்த போர்வை அத்தனையையும் வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தார்!

பத்தரை மணி. அண்ணன் இரண்டாம் மாடி சன்ஷேடில் நின்று, கயிற்றில் சாய்ந்து பிரஷ்ஷை நீட்டினார். மேலே 'சர்ர்ர்...' என்று ஒரு சத்தம். காலித் தொட்டி கைப்பிடிச் சுவரைப் பார்த்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது! அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பினார். பெயிண்ட் டப்பா மட்டும் தெருவில் விழுந்து சிதறியது. கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை.

சாயங்காலம் மாமா பையன் வந்தான். உடுமலைப் பக்கம் காற்றாலையில் வேலை. தினமும் கோபுரம் ஏறுகிறவன்.

"பெல்ட் போட்டிருக்கானான்னு எல்லாரும் பாக்கறீங்க. அதை எதுல மாட்டியிருக்கான்னு ஒருத்தரும் பாக்கறதில்லையே, மாப்ளே!"

அந்த 'எது'வுக்குத்தான் ஆங்கர் என்று பெயர். எண்பது கிலோ ஆள் ஆறரை அடி விழுந்தால் முக்கால் விநாடிகூட ஆகாது. அதற்குள் மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். வெறும் கயிறு அதைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு டன்னுக்கு மேலேயே இழுவை விழலாம். கயிற்றில் அதிர்ச்சி தாங்கும் மடிப்பு இருந்தால், அது பிரிந்து கொடுத்து இழுவையை 600 கிலோ அளவில் நிறுத்தும். அதனால்தான் ஐரோப்பியத் தர விதி, இரும்பு ஆங்கரைச் சுமார் 1,200 கிலோ இழுவையில் மூன்று நிமிடம் சோதிக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ! பி.வி.சி. பைப்பும் ஜன்னல் கிரில்லும் செங்கல் கைப்பிடிச் சுவரும் இந்தப் பரீட்சையை எழுதவே லாயக்கில்லை. நல்ல கான்கிரீட் தூண்தான் நம் வீடுகளில் கைகொடுக்கும். கயிறு உரசும் விளிம்பில் கனமான கோணி போடவேண்டும்.

மாட்டும் இடம் தலைக்கு மேலே, நேராக இருக்கவேண்டும். பக்கவாட்டில் இருந்தால், விழுகிறவர் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடிப்போய்ச் சுவரில் மோதுவார். காலடியில் மாட்டினாலோ கயிறு, பிரிந்த மடிப்பு, ஆள் உயரம் எல்லாம் சேர்ந்து பதினேழு அடி வரை போகும். பதினைந்து அடி உயர மாடியில், பெல்ட் பிடிப்பதற்குள் தரை பிடித்துவிடும்!

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது, கீழே வலை கட்டி 19 பேர் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, ஆட்கள் நின்ற சாரமே பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு போனது. பத்துப் பேர் பலி. தாங்கவேண்டியதே கழன்றால் வலையும் என்ன செய்யும்?

பராமரிப்பு? தினமும் மாட்டும் முன் தையல், துரு, கொக்கியின் பூட்டு, போல்ட் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். வெயிலிலும் தின்னரிலும் நாடா உளுத்துப்போகும். லேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது விஷயம் தெரிந்தவர் சோதித்து நோட்டில் எழுதவேண்டும். ஆடிட் மாதிரிதான்! ஆனால் தேய்மானக் கணக்கு மட்டும் வேறு. ஒரே ஒரு தடவை ஆள் விழுந்து தாங்கிய பெல்ட், கயிறு எல்லாம் அன்றைக்கே குப்பைக்கு. பழசு விலைக்குக்கூட யாருக்கும் தரக்கூடாது. ஆங்கரையும் சோதித்துச் சரியென்று சொன்ன பிறகுதான் மறுபடி தொடலாம்.

மண்டி வாசலில் தக்காளி லாரி கிளம்பும்போது தார்ப்பாய்க் கயிறை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார்கள். பெயிண்டரிடம் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிற நாம், அவர் கயிறை ஒரு தடவை இழுத்துப் பார்த்தோமா? வீடு நம்முடையது. தூண் எங்கே இருக்கிறது என்று நமக்குத்தானே தெரியும்?

அடுத்த நாள் மாடிப்படி அறைத் தூணில் வலுவான நாடா சுற்றி, அதில் கயிறு மாட்டி வேலை முடிந்தது. கல்யாணமும் அமோகமாக நடந்தது.

அத்தை மட்டும் இன்னும் மாறவில்லை. துணி ஊறவைக்கும் முன் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கிறார்:

"மேல யாராச்சும் தொங்குறீங்களாப்பா?"