திரும்பிப் போகத் தெரிந்தவரே விமானி

விமானியின் கண்ணாடிக்கு எதிரே மலை. சரிவில் இருக்கும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகின்றன. ஓடுபாதை நேர் எதிரே இல்லை, வலப்பக்கம் இருக்கிறது. சக்கரங்கள் இறங்கிவிட்டன. ஆட்டோபைலட்டை விடுவித்த விமானி, விமானத்தைத் தன் கையால் வலப்புறம் சாய்த்துத் திருப்புகிறார். திருப்பம் முடியும்போது ஓடுபாதை எதிரே வந்திருக்க வேண்டும். அப்போது தரைக்கு மேலே மிச்சம் இருப்பது சில நூறு அடி உயரம்தான்.

போர்ச்சுகலின் மதீரா தீவில், 05 என்ற எண்ணுள்ள ஓடுபாதையில் இறங்கும் விதம் இது.

அட்லாண்டிக் பெருங்கடலில் எரிமலைக் குழம்பால் உருவான தீவு மதீரா. அதன் உச்சிச் சிகரமான பிக்கோ ருய்வோவின் உயரம் 1,862 மீட்டர். சமதரைக்குப் பஞ்சமான அந்தத் தீவில், சாந்தா குரூஸ் ஊரை ஒட்டிய கடலோரத்தில் 1964-ல் 1,600 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். விமானத்தை நேர்கோட்டில் வழிநடத்தி இறக்கும் ஐ.எல்.எஸ். வசதி இங்கே இல்லை. கடைசிக் கட்டத்தில் விமானி கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

மலையைவிடப் பெரிய சவால் காற்று. வடக்கிலிருந்து வரும் காற்று, பாறையில் மோதிய ஆற்று நீர்போல, சிகரங்களைத் தாண்டியதும் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. எதிர்க்காற்று திடீரெனக் குறைந்தால் இறக்கைக்கு மேலே பாயும் காற்றின் வேகமும் குறையும். விமானம் சட்டெனக் கீழே அமிழும். மெதுவாகத் தாழப் பறக்கும் நேரத்தில் அதைச் சரிசெய்யக் கிடைப்பவை சில நொடிகளே.

1977 நவம்பர் 19 இரவு, நல்ல மழை. போர்ச்சுகலின் டாப் நிறுவனத்தின் போயிங் 727 விமானம் இங்கே இருமுறை இறங்க முயன்று முடியாமல், மூன்றாம் முறை இறங்கியது. நனைந்த ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டதால் நிற்க இடம் போதவில்லை. முனையைத் தாண்டிக் கீழே விழுந்து தீப்பிடித்தது. 164 பேரில் 131 பேர் இறந்தனர்.

பிற்பாடு ஓடுபாதையை நீட்டினார்கள். 2000-ல் அதன் நீளம் 2,781 மீட்டரானது. நீட்டிய பகுதியை 180 கான்கிரீட் தூண்கள் தாங்குகின்றன. அதன் அடியில் நெடுஞ்சாலையே ஓடுகிறது. 2004-ல் சர்வதேசப் பொறியியல் விருதும் இந்த நீட்டிப்புக்குக் கிடைத்தது.

பாதை நீண்டாலும் காற்று அடங்கவில்லை. அதனால்தான் இங்கே இறங்க விமானிகளுக்குத் தனிப் பயிற்சி தேவை. பல விமான நிலையங்களில் விமானியின் முடிவுக்கே விடப்படும் காற்று வரம்பு, மதீராவில் கட்டாய விதி. வரம்பு மீறினால் இறங்கக் கூடாது. திருப்பத்தில் கோணம் தப்பினாலும், வேகம் ஏறி இறங்கினாலும், விமானி இன்ஜின் நெம்புகோலை முன்னுக்குத் தள்ளி, மூக்கை உயர்த்தி, சக்கரங்களை உள்ளிழுத்து மேலேறிவிட வேண்டும். இதற்குக் 'கோ-அரவுண்ட்' என்று பெயர். வானத்தில் காத்திருக்கலாம், பக்கத்துத் தீவான போர்ட்டோ சாந்தோவுக்கோ, லிஸ்பனுக்கோ போகலாம்.

அந்த முடிவை எடுப்பதில்தான் விமானியின் திறமை இருக்கிறது. எந்த ஊரிலானாலும், தரையைத் தொடப்போன விமானம் உறுமிக்கொண்டு மேலேறினால் பதற்றமும் வேண்டாம், கோபமும் வேண்டாம். தாமதம் ஆனாலும், உங்கள் உயிரை மதித்து எடுத்த முடிவு அது.