கிடாருக்கு வந்த ஐந்து நோய்கள்



நம்ம அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். எங்க பெரியப்பா பட்டறையிலும் அந்த வேலைதான். அங்கே சாமி சிலைகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் தொங்கும். பெரியப்பா மகன் (எனக்கு அண்ணன்) இரண்டு வருஷம் சிலைக்கு உப்புத்தாள் போட்டுச் சேர்த்த காசில் பழசாக வாங்கியது. வாங்கினதிலிருந்து அதுக்கு ஒவ்வொரு நோயாக வந்தது. "வித்துத் தொலைடா"ன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. விக்காமல் எப்படிச் சரி பண்ணினோம் என்பதே இந்தக் கட்டுரை.

பிக்கப் என்றால் என்ன?

சாதாரண கிடாரில் உள்ளே வெற்றிடமாக இருக்கும் மரப்பெட்டிதான் சத்தத்தைப் பெரிதாக்கும். எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு பெரும்பாலும் கெட்டி மரம். அதில் கம்பிகளுக்குக் கீழே சின்னக் கட்டை மாதிரி ஒன்று பதித்திருக்கும். அதுதான் பிக்கப். எங்க கிடாரில் ஆறு கம்பிக்கும் ஆறு காந்தம். காந்தங்களைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும். உடனே செம்புச் சுருளில் மின்சாரம் உண்டாகும். இது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். நாம் பாடத்தில் படிப்பதேதான். அந்தச் சின்ன மின்சாரத்தை ஆம்ப்ளிபயர் பெரிதாக்குகிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) கர்நாடக இசை வாசித்ததும் எலெக்ட்ரிக் மாண்டலினில்தான்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பிக்கப் காற்றில் வரும் சத்தத்தைப் பிடிப்பதில்லை. இரும்பு ஆடுவதைத்தான் பிடிக்கிறது. இது புரிந்த பிறகுதான் எங்களுக்கு எல்லாமே புரிந்தது.

நோய் 1: தடித்த கம்பிகள் ஊமை

அண்ணன் புதுக் கம்பி மாட்டினான். மெல்லிய இரண்டு கம்பியும் கத்துது, தடித்த நான்கும் முணுமுணுக்குது. பிக்கப் போச்சுன்னு நினைச்சோம். கம்பி வந்த உறையைப் படித்தேன். வெண்கலம் சுற்றிய கம்பி, அது சாதாரண கிடாருக்கானது. வெண்கலத்தைக் காந்தம் இழுக்காது. உள்ளே இருக்கும் எஃகு நரம்பு மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும், அதனால் சத்தம் குறைவு. நிக்கல் சுற்றிய எலெக்ட்ரிக் கிடார் கம்பி மாட்டினதும் சரியாகிவிட்டது. வீணையில் தடித்த கம்பிகளைப் பித்தளையில் போடுவது வழக்கம். அதற்கும் இந்தக் காந்தப் பிக்கப் ஒத்து வராது.

நோய் 2: ஒரே கம்பியில் இரண்டு சுரம்

தடித்த கம்பி கேட்கலையேன்னு அண்ணன் ஏற்கெனவே பிக்கப்பை மேலே ஏற்றி வைத்திருந்தான். கம்பி மாற்றிய பிறகு, மேல் கட்டங்களில் அழுத்தி வாசித்தால் சுரம் நெளிந்தது. ஒரே கம்பி இரண்டு சுரம் பேசுவது போல இருந்தது. காரணம், காந்தம் ரொம்பப் பக்கத்தில் வந்து கம்பியைத் தன் பக்கம் இழுக்கிறது. கம்பியால் ஒழுங்காக ஆட முடியவில்லை. பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறக்கினோம். நெளிவு நின்றது.

நோய் 3: பிக்கப்புக்கு மீசை

இது நம்ம ஊருக்கே உரிய நோய்! பட்டறையில் உளிக்குச் சாணை பிடிக்கும்போது இரும்புத் தூள் பறக்கும். அது போய்க் காந்தத்தின் தலையில் ஒட்டி மீசை மாதிரி நின்றது. கம்பியில் உரசி 'கிர்ர்' என்றது. வாயால் ஊதினேன், போகவில்லை. துணியால் துடைத்தேன், ஒரு காந்தத்தை விட்டு அடுத்ததில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன், வந்துவிட்டது. இப்போது பெரியம்மாவின் பழைய சேலைதான் கிடாருக்குப் போர்வை.

நோய் 4: 'உம்ம்ம்' என்ற இரைச்சல்

வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் இரைச்சல். அண்ணன் கிடாரோடு திரும்பி நின்றால் கூடுது, குறையுது. டியூப் லைட்டை அணைத்தால் பாதி போச்சு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகிறது. பழைய சோக்கைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதோடு சேர்ந்து மாறும். பிக்கப் அதையும் பிடிக்கிறது. எனவே இது பழுது அல்ல, இடம் மாறி நின்றால் போதும். இதற்கென்றே 1955-இல் அமெரிக்காவில் சேத் லவர் என்பவர் கிப்சன் கம்பெனியில் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். இரண்டு சுருளும் எதிரெதிராக வேலை செய்வதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்துகொள்ளும்.

நோய் 5: உதட்டில் சுள்!

ஒருநாள் அண்ணன் வாசித்துக்கொண்டே மைக்கில் பாடினான். உதடு மைக்கில் பட்டதும் 'சுள்'ளென்று அடித்து, பின்னால் தள்ளிவிட்டது. நான் அப்பவும் பிக்கப்பில்தான் கோளாறு என்று நினைத்து அதையே கழற்றிப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

கரண்டு வேலை பார்க்கும் மாமா வந்து பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். பட்டறை சுவரில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது என்று, அண்ணனே ஆம்ப்ளிபயர் பிளக்கின் பெரிய காலை வெட்டியிருந்தான். அதுதான் எர்த். கிடார் கம்பிகள் ஒரு ஒயர் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லையென்றால் கசியும் மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் கம்பியிலேயே நிற்கும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் நம் உடம்புதான் அதற்கு வழி. 1972-இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து நாடான வேல்ஸில், சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தே போனார். மாமா இதைச் சொன்னபோது பெரியம்மா அழுதுவிட்டார்கள். அன்றைக்கே மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் வைத்து எர்த்தும் போட்டாச்சு.

முதல் நான்கு நோயும் கிடாருக்குத்தான். ஐந்தாவது நமக்கு. அதை நாமே கழற்றிப் பார்க்கக் கூடாது, மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும்.

கிடார் உங்க வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிரைண்டர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி இருக்குமே! இன்றைக்குச் சாயங்காலம் போனதும் எந்த பிளக்கிலாவது பெரிய காலை வெட்டியிருக்கிறார்களா என்று தொடாமல் பாருங்கள். இருந்தால் அப்பா அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி