சரக்கு எந்த வாசலுக்கு? வாடிக்கையாளர் இருப்பிடம் பில் கம்ப்யூட்டருக்கு வரும் வழி

போனில் ஆர்டர், வீட்டில் சரக்கு என்று வியாபாரம் மாறி வெகுநாளாகிறது. ஆனால் நம்மில் பலருடைய கடையில் எந்த வீடு எங்கே இருக்கிறது என்ற விவரம் இன்னும் சைக்கிளிலோ வண்டியிலோ சரக்குக் கொண்டுபோகும் பையனின் தலைக்குள்தான் இருக்கிறது. அவன் வேலையை விட்டு நின்றால் பாதிப் பேரேடு அவனோடு போய்விடுகிறது. செல்போனில் ஆர்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

செட்டிநாட்டில் சிக்கல் ஒரு படி அதிகம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று வீடு நீண்டு கிடக்கிறது. கதவிலக்கம் ஒன்று, பங்காளிகள் பலர். முகப்பு பூட்டியிருக்கும்; ஆச்சி பின்கட்டில் தனியாக இருப்பார். விலாசத்தை மட்டும் வைத்துப் போகிற புதுப் பையன் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு அரிசி மூட்டையோடு திரும்பி வருவான். பின்கோடும் உதவாது. 1972-ல் வந்த அந்த ஆறு இலக்கம் ஒரு தபால் வட்டாரத்தைத்தான் சொல்லும், வாசலைச் சொல்லாது.

வாசலைச் சொல்லக்கூடியது வாடிக்கையாளரின் செல்போன். அதிலுள்ள பிரவுசர் அனுமதி கேட்டுக்கொண்டு ஜி.பி.எஸ். மூலம் இடத்தை அறிகிறது. நம் கடைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். கிடையாது. அதிலுள்ள பிரவுசர் சுற்றியுள்ள வைஃபையையோ இணைய இணைப்பின் எண்ணையோ வைத்து ஊகிக்கும். இணைப்பு எண்ணை மட்டும் நம்பினால் காரைக்குடிக் கடையைச் சென்னையில் இருப்பதாகவும் காட்டக்கூடும். ஆகவே விவரம் வாடிக்கையாளரிடமிருந்துதான் வரவேண்டும், அதுவும் அந்த வீட்டில் இருப்பவரிடமிருந்து. அம்மாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் போடும் மகன் தன் இருப்பிடத்தை அனுப்பினால் சிங்கப்பூர்தான் வரும்.

சுலபமான வழி வாட்ஸ்அப். வாடிக்கையாளர் நடப்பு இருப்பிடத்தை அனுப்பட்டும். கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கூகுள் மேப்பில் அந்தப் புள்ளியின்மேல் வலது கிளிக் செய்தால் இரண்டு எண்கள் தெரியும். அவற்றைக் கிளிக் செய்து நகலெடுத்து, பில்லிங் புரோகிராமில் விலாசக் குறிப்பில் ஒட்டிவிடலாம். நம் ஊருக்கு முதல் எண் 10-ஐ ஒட்டியும் இரண்டாவது 78-க்கு மேலும் இருக்கும். மாற்றிப் போட்டால் சரக்கு வடதுருவத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்வால்பார்ட் கடலுக்குப் போகும்! தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கமாவது இருக்கட்டும். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும்.

இதைவிட நமக்குத் தோதானது இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின். நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் செல்போன் பிரவுசரில் அஞ்சல் துறையின் டிஜிபின் பக்கத்தைத் திறந்து அனுமதி கொடுத்தால் குறியீடு தெரியும். போனிலேயே படித்துச் சொல்லலாம், நாம் தட்டிக்கொள்ளலாம். பூஜ்யமா ஓ-வா என்று குழம்பும் எழுத்துக்கள் அதில் கிடையா. கனத்த சுவருக்குள் நின்று எடுத்தால் கணக்குப் பிசகும். சரக்கு இறங்கும் வாசலுக்கு வந்து, வானம் தெரிய நின்று எடுக்கச் சொல்லவேண்டும்.

கடைக்கென்று தனிப் பக்கம் செய்து, பிரவுசரிலிருந்து இருப்பிடம் நேராகப் பில்லிங் புரோகிராமுக்கு வர ஏற்பாடு செய்பவர்களும் உண்டு. புரோகிராம் எழுதுபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பக்கம் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இருக்கிறதா? இல்லாவிட்டால் பிரவுசர் இருப்பிடத்தைத் தராது; குரோம் 2016-லேயே நிறுத்திவிட்டது. மற்றொன்று, எத்தனை மீட்டர் பிசகலாம் என்று பிரவுசர் கூடவே தரும் எண்ணையும் வாங்கி வைக்கிறாரா? 20 என்றால் வண்டியை அனுப்பலாம். 2000 என்றால் மறுபடி கேட்கவேண்டும். நம் அபிப்பிராயத்தில், தினம் பத்து இருபது டெலிவரி உள்ள கடைக்கு இந்தச் செலவு தேவையில்லை, டிஜிபின் போதும்.

தனியாக இருக்கும் ஆச்சியின் வாசல் எதுவென்று நம் கம்ப்யூட்டரில் இருப்பது சாதாரண விவரமல்ல. 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. அவை படிப்படியாக அமலாகின்றன. சரக்கு அனுப்ப என்று சொல்லி வாங்கியதை வேறு யாருக்கும் தரலாகாது. பையனுக்கும் அன்றன்றைய வீடுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும், முழுப் பட்டியலை அவன் செல்போனில் ஏற்ற வேண்டாம்.