மௌனத்தின் இரு பொருள்

கல்முனையில் ஒருநாள் மஃரிப் வேளையில் பாங்கொலி கேளாதிருக்குமாயின், மின்சாரம் நின்றதோ, ஒலிபெருக்கி பழுதுற்றதோ, மோதினாருக்குச் சுகமில்லையோ என்று வினவிச் சில நிமிடங்களிலேயே ஆள் ஓடிவிடும். ஒலிக்கவேண்டிய நேரம் முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணமாகும். ஆபத்து வருங்கால் மட்டுமே ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியின் நிலை வேறு. அது ஆண்டுக்கணக்கில் மௌனமாயிருந்தால், கடல் அமைதியாயிருக்கின்றது என்பது பொருளா, கருவி செயலற்றுவிட்டது என்பது பொருளா?

இக்கேள்வியின் கனத்தை இக்கரையோரம் நன்கறியும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கருகே நிலம் அதிர்ந்தபின், பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. அவ்விடைவெளியில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாண்டவர் 10,000க்கும் அதிகம்.

அதன்பின் இந்துசமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டது. சுனாமியை அறிய ஆழ்கடலில் இடப்படும் மிதவைகள், கடல் அமைதியாயிருக்கும்போதுகூட 6 மணிக்கொருமுறை செய்தி அனுப்புகின்றன. செய்தியின் உள்ளடக்கம் எதுவாயினும், அது வந்ததே நலத்தின் அறிகுறி. கரையோரக் கடல்மட்ட நிலையங்களின் நலத்தை யுனெஸ்கோவின் சமுத்திரவியல் ஆணைக்குழுவுக்காக, பெல்ஜியத்தின் ஒஸ்டென்ட் நகரிலுள்ள கடல் ஆய்வு நிறுவனம் கவனித்துவருகின்றது. எந்த நிலையத்திலிருந்து இறுதிச் செய்தி எப்பொழுது வந்ததென்பதை அங்கே எவரும் காணலாம்.

இத்தகைய காவலைக் கணினியிடம் ஒப்படைப்பதற்கு ஓர் எளிய எழுத்துக்கோப்புப் போதும். எக்கருவியைக் கவனிப்பது, எத்தனை நிமிடத்துக்கொருமுறை, பதிலுக்கு எவ்வளவு பொறுப்பது, எத்தனை முறை தவறினால் யாருக்கு அறிவிப்பது என்பனவற்றை வரிக்கு ஒன்றாக அதில் எழுதிவைப்பர். இவற்றுள் தவறுகளின் எண்ணிக்கையே மிக நுண்ணியது. ஒரு தவறுக்கே மணியடித்தால், பொய்யொலி கேட்டுச் சலித்தவர் மெய்யொலிக்கும் எழமாட்டார். 6 மணிக்கொருமுறை பேசும் மிதவைக்குப் பத்துத் தவறுகள் பொறுத்தாலோ, இரண்டரை நாள் கடந்துவிடும். கோப்பில் எழுதிய விதியை மற்றொருவர் படித்துத் திருத்தலாம். கணினி கெட்டால் வேறொன்றுக்கு அப்படியே மாற்றலாம். நினைவிலிருக்கும் விதிக்கு இவ்வசதியில்லை. அறிவிப்புப் பெறவேண்டியவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின்னும் அவருடைய தொலைபேசி எண்ணே கோப்பில் கிடப்பதுதான் வழக்கமான குறை.

காவற்கணினியும் கெடக்கூடியதே. கல்முனைக் கருவியைக் கல்முனையிலுள்ள கணினியே கவனித்தால், மின்சாரம் நிற்கும்போது இரண்டும் ஒருங்கே வாயடைத்துவிடும். ஆகவே மற்றொரு கணினியை வேற்றூரில் வைத்து, முதற்கணினியின் பெயரை அதன் கோப்பில் முதல் வரியாக எழுதுவர்.