தொற்றை வென்றவர் மடியில்

எபோலா நச்சுயிரி உடலுக்குள் புகுந்தபின் நோய்க்குறிகள் தோன்ற 2 முதல் 21 நாள்கள் வரை ஆகும். ஆதலால் நோயாளியைத் தொட்டவர் எவராயினும் அந்த 21 நாளும் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். நாள்தோறும் இருவேளை உடல்வெப்பம் அளக்கப்படும். வளர்ந்தோர்க்கு இவ்விதி பொருந்தும். தாயை இழந்த மூன்று அகவைக் குழந்தைக்கு எங்ஙனம் பொருந்தும்? அதனைத் தனியறையில் விட்டு, உணவை வாயிலில் வைத்துவிட்டுச் செல்ல இயலாது. அழும்போது அள்ளி எடுப்பவர்க்கோ தொற்று நேரலாம்.

2014-இல் மேலை ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகள் இந்த இக்கட்டில்தான் சிக்கின. கினியின் மெலியாண்டு சிற்றூரில், 2013-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு சிறு குழந்தையிடம் தொடங்கியதாகக் கருதப்படும் அக்கொள்ளைநோய் 28,600-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 11,300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ, தம்மை வளர்த்தவரையோ இழந்த குழந்தைகள் 16,000-க்கும் மிகுதி என 2015-இன் தொடக்கத்தில் யுனிசெப் கணக்கிட்டது.

இத்தனை குழந்தைகள் ஆதரவிழந்தமைக்கு நச்சுயிரி பரவும் முறையே காரணம். எபோலா காற்றில் மிதந்து வந்து பற்றுவதில்லை. நோயாளியின் குருதி, வாந்தி, கழிவு, வியர்வை ஆகியவற்றைத் தொடுவோரையே பற்றுகிறது. அவற்றைத் தொடுபவர் யார்? வாய் துடைத்துவிடும் தாய், துணி துவைக்கும் பாட்டி, பிணத்தை நீராட்டும் அத்தை. பரிவு சென்ற வழியிலேயே நோயும் சென்றது. ஒரு குழந்தை தாயை இழந்தால் அடுத்து ஏந்த வேண்டிய கைகளும் அதே வீட்டில், அதே திங்களில் வீழ்ந்தன. குழந்தைகள் நோயுற்றபோதும் நிலை கொடிதாகவே இருந்தது. ஓர் அகவை நிரம்பாதவருள் பிழைத்தோர் மிகச் சிலர்.

மருத்துவர் அணிந்த கவசவுடை உயிர் காத்தது. ஆனால் அதற்குள்ளிருந்து குழந்தையை நோக்கியவை கண்ணாடிக்குப் பின்னிருந்த இரு கண்களே. வெப்பத்தால் அவ்வுடையில் நெடுநேரம் நிற்கவும் இயலாது. முகம் தெரியாத ஓர் உருவம் வந்து, ஊசியிட்டு, மீண்டும் மறையும். தாயைப் பறிகொடுத்த மகவுக்கு இதனினும் பேரச்சம் வேறொன்று இருக்குமா?

இதற்கு விடை நோயெதிர்ப்பியலிலிருந்து வந்தது. எபோலாவிலிருந்து பிழைத்தவரின் குருதியில் அந்நச்சுயிரியை எதிர்க்கும் புரதங்கள் நெடுங்காலம் நிலைக்கின்றன. 1976-இல் கொங்கோவின் யாம்புக்கு என்னும் ஊரில் நிகழ்ந்த பரவலில் தப்பியோரிடம் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவை காணப்பட்டன. தொற்றை வென்றவரே குழந்தையை அஞ்சாது மடியில் இருத்தத் தக்கவர் என்று உணர்ந்து, மேலை ஆப்பிரிக்காவின் இடைக்காலக் காப்பகங்களில் அவர்களைப் பேணுநராக அமர்த்தினர். பின்னர் 2018 முதல் 2020 வரை கொங்கோ மக்களாட்சிக் குடியரசின் பேனி, புட்டெம்போ நகரங்களில் சிகிச்சை மையங்களை அடுத்தே குழந்தைக் காப்பகங்கள் எழுந்தன. அங்கே பிழைத்த பெண்கள் குழந்தைகளை இடுப்பில் ஏந்தினர், ஊட்டினர், தாலாட்டினர். இடையிடையே உடல்வெப்பமும் அளந்தனர். ஒன்றை மட்டும் விலக்கினர். பிழைத்தவரின் தாய்ப்பாலில் நச்சுயிரி தங்கக்கூடும் என்பதால், கைக்குழந்தைகளுக்குப் புட்டிப்பாலே புகட்டப்பட்டது.

இப்பேணுநரைப் பேணியவர் யார் என்பதே என் வினா. அறிக்கைகள் அவர்களை வீரர் என்று போற்றுகின்றன. அவர்களின் முழங்கால் வலியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எபோலா நீங்கிய உடலில் மூட்டுநோவு, தலைவலி, கண்ணுள் அழற்சி ஆகியவை திங்கள்கணக்கில் தொடர்கின்றன. சிலர் பார்வையையே இழந்தனர். தரையில் அமர்ந்து குழந்தையைத் தூக்கி எழ அவர்கள் பட்ட பாட்டை எந்த அட்டவணையும் காட்டாது. தம் மக்களையே புதைத்த பின்னர் பிறர் மக்களை ஏந்தியோரும், ஊரார் ஒதுக்கியதால் திரும்பிச் செல்ல வீடு அற்றோரும் அவர்களுள் இருந்தனர். தொற்று ஓய்ந்ததும் காப்பகம் மூடப்படும். அவர்களின் ஊதியமும் அன்றோடு நிற்கும். இதனைக் கொடை என்று கொண்டாடுவதைக் காட்டிலும், பணி என ஏற்று மருத்துவமும் ஊதியமும் உறுதிசெய்வதே முறை.

காப்பகம் இடைத்தங்கல் மட்டுமே. மேலை ஆப்பிரிக்காவில் தொடக்கத்தில் உறவினர் அஞ்சி விலகினர். 21 நாளைக் கடந்த குழந்தையால் தொற்று வாராது என்பதை ஊரறிய எடுத்துரைத்தபின் கதவுகள் திறந்தன. யுனிசெப் கணக்கின்படி, உறவும் ஊரும் ஏற்காமல் வெளியே வைக்க நேர்ந்த குழந்தைகள் நூற்றுக்கு மூவரினும் குறைவு. கடலையோ மரவள்ளியோ பயிரிட்டுத் தம் பிள்ளைகளுக்கே அரை வயிறு நிரப்பிய சிற்றன்னையர் மேலும் இருவரை, மூவரை ஏற்றனர். தொற்று நீக்கும்போது இறந்தவர் வீட்டுப் பாயும் மெத்தையும் எரிக்கப்பட்டிருந்தன. ஆதலால் அக்குழந்தைகள் பலர் வெறுங்கையோடே வந்தனர். ஒருமுறை அளித்த அரிசியும் போர்வையும் சில கிழமைகளில் தீரும். வளர்ப்புச் சுமையோ பத்தாண்டுக்கும் மேல் நீளும்.

அச்சுமையை அரசே கூட்டியதும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, காப்பாரின்றிக் கருவுற்ற சிறுமியர் பலராயினர். சியரா லியோனில் 2015 ஏப்ரலில் பள்ளிகள் மீளத் திறந்தபோது, கருவுற்ற மாணவியர்க்கு வகுப்பறை மறுக்கப்பட்டது. மேலை ஆப்பிரிக்க நாடுகளின் வட்டார நீதிமன்றம் 2019 திசம்பரில் அத்தடை பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது.